அடுத்த ஆள்

ஜூன் 4

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் சொன்னேனா இல்லையா? ஒன்றுவிடாமல் அப்படியே நடந்துவிட்டது. வயசான நாய் இரண்டு இருக்கும் வீட்டில் குட்டியைக் கொண்டுவந்து விட்டால் ரத்தக்களறிதான் என்று தெருவே சொன்னது. ஒரே வாரத்தில் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடும் என்று சொன்னவன் நான் ஒருத்தன்தான். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஐந்தே நாள்.

எந்தக் குட்டி என்று கேட்பாய். என் ரிப்பேர் கடையைக் காலி செய்த அன்றைக்கு ஷட்டரை இழுத்து மூடப் போகிறேன், உள்ளே எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவில் இது உட்கார்ந்திருந்தது. முப்பத்திரண்டு வருஷம் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்த கடைக்குக் கடைசியாக வந்த வாடிக்கையாளர். எப்படித் திருப்பி அனுப்புவது? பல் ஒவ்வொன்றும் குண்டூசி, அதனால் பேரும் குண்டூசி. நல்ல உயர்ந்த ரகம். விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு, இது மாதிரி இந்தப் பக்கத்திலேயே மூன்றுதான் இருக்கிறது என்றார். இரண்டு என்றும் சொல்லியிருக்கலாம், எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

நீ கப்பலேறிய பத்தாம் நாளே பெட்டியும் மிஷினும் குட்டியுமாக உன் வீட்டுக்குக் குடிவந்துவிட்டேன். அதுவரை உன் நாய்கள் ஜட்ஜுக்கும் டீச்சருக்கும் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சாவியைக் கொடுக்கும்போது ஏதோ ஆரம்பித்தாள்.

"தட்டை வெச்சதும் ஒண்ணு சொல்லணுங்க, இல்லேன்னா அதுங்க..."

"எனக்கே பாடமா? நான் பாக்காத நாயா?" என்றேன்.

அவளுக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. பழைய கோபம்தான். நான் கை வைத்த நாளிலிருந்து அவளுடைய மிஷினில் தையல் விட்டுவிட்டு விழுகிறதாம். மிஷின் ஒழுங்காகத்தான் இருக்கிறது, மிதிக்கிற கால்தான் சரியில்லை. இனிமேல் சிரமப்பட வேண்டாம் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ எழுதி வைத்துவிட்டுப் போன நாலு பக்கமும் பத்திரமாக இருக்கிறது. முதல் பக்கம் படித்தேன். ஜட்ஜுக்கு இதய மாத்திரை, தினம் ஒன்று, சாப்பாட்டில் வைத்து. புரிந்தது. மீதியைப் படிக்க அவசியம் ஏற்படவில்லை. முன்னறையில் என் மிஷின் ஒரு கால் தூக்கிக்கொண்டு ஆடியது. உன் தாளை நாலாக மடித்து அடியில் செருகினேன், இப்போது மலை மாதிரி நிற்கிறது. உன் எழுத்து வீண் போகவில்லை.

முதல் நாள் குண்டூசியை நேராகக் கொண்டுபோய் ஜட்ஜின் படுக்கையிலேயே விட்டேன். ஒளிவு மறைவு கூடாது, அதுதான் என் முறை. ஜட்ஜ் அதை ஒரு பார்வை பார்த்தான். உதடு லேசாகத் துடித்தது. சிரித்தான் என்றே சொல்வேன். பிறகு எழுந்து போய் வாசற்படிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டான். வந்த விருந்தாளிக்குப் படுக்கையையே விட்டுக்கொடுத்துவிட்டான். பதினாலு வயசில் எத்தனை மனுஷருக்கு அந்தக் குணம் இருக்கும்?

சாப்பாட்டு நேரத்தைத்தான் நீ பார்க்க வேண்டும். மூன்று தட்டையும் வரிசையாக வைக்கிறேன். ஜட்ஜும் டீச்சரும் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். தொடுவதில்லை. குட்டி முதலில் தின்னட்டும் என்று காத்திருக்கிறார்கள். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காததற்குக் காரணம், வாத்தியாருக்கு எனக்குச் சொல்லிக்கொடுக்க விஷயம் தீர்ந்துபோனதுதான் என்று உனக்குத் தெரியும். ஆனால் நானே இன்றைக்கு ஒரு நாயிடம் பாடம் படித்தேன்.

கப்பலில் காற்று பலமாக இருந்தால் காதைக் கட்டிக்கொள். அடுத்த துறைமுகத்தில் இந்தக் கடிதம் உனக்கு முன்னால் போய்க் காத்திருக்கும்.

உன் தாய்மாமன்


ஜூன் 12

அன்பு மருமகளுக்கு,

போன கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. நீ இன்னும் கரையைப் பார்க்கவில்லை போல. அதுவரை இங்கே நடப்பதை எழுதாமல் வைத்திருந்தால் எனக்கு வயிறு வெடித்துவிடும்.

குண்டூசியின் படிப்பு வெகு வேகமாக நடக்கிறது. சிறுநீர் போக முன்னறையில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். மூன்றாம் நாளே அதைத் தேடிப் போய்ப் போகிறது. நான் படித்துக்கொண்டிருந்த தாளைத்தான் தேடியது, ஆனாலும் தாள் தாள்தானே. 'உட்கார்' என்றால் உட்காருகிறது. 'உட்கார்' என்று சொல்லாவிட்டாலும் உட்காருகிறது. ஒரு காலத்தில் நான் ஒரு பெரிய அதிகாரியின் நாய்க்கு உட்காரச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த அதிகாரி உள்ளே வந்தால்கூட அது எழுந்திருக்காமல் போய், கடைசியில் அவரே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

என் செருப்பில் இடதுகால் போய்விட்டது. டீச்சர் அவ்வப்போது அதைக் கழுத்தோடு அமுக்கிப் பிடித்துத் தரையில் வைத்து மரியாதை கற்றுக்கொடுக்கிறாள். உன் அம்மா சரியான பேரைத்தான் வைத்தாள்.

இதில் அதிசயம் ஜட்ஜ்தான். குட்டி தன் தட்டை முடித்ததும் அவன் தட்டுக்கு வரும், அதையும் வழித்து நக்கிவிடும். மாத்திரையை மட்டும் கெட்டிக்காரத்தனமாக ஒதுக்கி வைத்துவிடும். ஜட்ஜ் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். வாயிலிருந்து நீர் நூல் நூலாகத் தரையில் வழியும், ஆனாலும் கிட்டே போகமாட்டான். குட்டியைப் பார்க்கமாட்டான், தட்டைப் பார்க்கமாட்டான், என் முகத்தையே பார்ப்பான். 'பாத்தீங்களா, எப்படி விட்டுக்கொடுத்தேன்' என்று கேட்கிற மாதிரி. நானும் தலையைத் தடவி, 'நீதாண்டா மனுஷன்' என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துவிடுவேன்.

டீச்சருக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. போன கடிதம் எழுதின மறுநாளே தட்டில் வாய் வைத்துவிட்டாள். தின்றுவிட்டு ஜட்ஜைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்தவள், மத்தியானம்வரை வெளியே வரவில்லை. அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

ஜட்ஜ் கொஞ்சம் இளைத்திருக்கிறான். நல்லதுதான். வயசு காலத்தில் உடம்பு லேசாக இருந்தால் இதயத்துக்கு நல்லது என்று எனக்குத் தெரியும். காலையில் டீ குடிக்கும்போது என் கையிலிருந்து அரை பிஸ்கட் வாங்கிக்கொள்வான். அது போதும் அவனுக்கு.

தையல்காரம்மா மதில்மேல் தலையை நீட்டி, சாயங்காலம் சாயங்காலம் ஏதோ முனகல் கேட்கிறதே என்றாள். என் மிஷின் பெல்ட் சத்தமாக இருக்கும் என்றேன். எனக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை.

நீ அங்கே நாற்பது பேருக்குச் சமைத்துப் போடுகிறாய். நான் இங்கே மூன்று பேருக்கு. குடும்பத் தொழில் ஆகிவிட்டது.

உன் தாய்மாமன்


ஜூன் 19

மாமா,

உங்கள் இரண்டு கடிதமும் சேர்ந்தே இன்றைக்குத்தான் கிடைத்தது. கப்பல் ஆறு மணிக்குக் கிளம்புகிறது. தையல்கார அக்காவுக்கு நாலு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. வீட்டு போன் அடித்தால் உங்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும் அடித்துப் பார்த்தேன். அவசரத் தபாலில் இதை அனுப்புகிறேன். படித்து முடித்த உடனே எழுந்து போய்ச் செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அவன் விட்டுக்கொடுக்கவில்லை, மாமா. காத்துக்கொண்டிருக்கிறான்.

அம்மா பல் ஆஸ்பத்திரி முன்மேசையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து நோயாளிகளைக் கூப்பிட்டவள். அதே குரலில்தான் வீட்டிலும் கூப்பிடுவாள். தட்டை வைத்துவிட்டு, "அடுத்த ஆள்" என்பாள். அது ஜட்ஜுக்கு. அவன் வாய் வைத்த பிறகு இன்னொரு தடவை "அடுத்த ஆள்" என்றால் டீச்சர் வருவாள். விளையாட்டாக ஆரம்பித்தது. பதினாலு வருஷத்தில் அவன் அந்தச் சொல் இல்லாமல் தட்டில் வாய் வைத்ததே கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் நான் மறந்துபோய்த் தட்டை வைத்துவிட்டு ஓடிவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தட்டுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தான். மூன்றாம் பக்கத்தில் எழுதி, இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.

உங்கள் முகத்தை அவன் பார்ப்பது அந்தச் சொல்லுக்காக.

உடனே சொல்லுங்கள். சத்தமாக, முடிகிற இடத்தில் கொஞ்சம் இழுத்து. முதலில் கொஞ்சமாக வையுங்கள், ஒரேயடியாகப் போட்டால் வயிறு தாங்காது. குட்டியை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். மாத்திரையைக் கையால் தொண்டைக்குள் வைத்துவிடுங்கள். நாய் டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

டிசம்பரில் வருகிறேன் என்று அவன் காதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அம்மா போன பிறகு எனக்கென்று அந்த வீட்டில் இருப்பது அவனும் டீச்சரும் நீங்களும்தான்.

சொல்லிவிட்டீர்களா?


ஜூன் 28

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு படி.

உன் கடிதம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. நின்றபடியே படித்தேன். படித்ததும் நான் ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இந்த வயசில் இந்த முழங்காலோடு சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவில் என் கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. ஜட்ஜ் வாசற்படிப் பக்கம் படுத்திருந்தான். சோற்றைக் குழைத்து, கறித்துண்டைப் பொடியாகக் கிள்ளிப் போட்டுத் தட்டை அவனுக்கு முன்னால் வைத்தேன். "அடுத்த ஆள்" என்றேன். உன் அம்மா குரல் மாதிரியே வந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அவன் தலையைத் தூக்கினான். காது இரண்டும் நிமிர்ந்தது. மெதுவாக எழுந்து நின்று, வாலை இரண்டு தடவை ஆட்டி, தட்டில் வாய் வைத்தான். ஒரு வாய் நிறைய எடுத்து நிதானமாக மென்று விழுங்கினான். என் கையை நக்கினான். பிறகு குண்டூசியின் முதுகில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டான். தூங்குகிற மாதிரியே போய்விட்டான்.

வயசும் இதயமும்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். எப்படிப் பார்த்தாலும் இந்த மாசத்துக்குமேல் தாங்கியிருக்கமாட்டான் என்றார். இப்படி நிம்மதியாகப் போன நாயை அவர் சர்வீசிலேயே பார்த்ததில்லையாம். பின்பக்கத்தில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே வைத்திருக்கிறோம். தையல்காரம்மாவும் வந்து மண் தள்ளினாள்.

எனக்குத் தெரியாமல் நடந்துபோனது. தெரிந்திருந்தால் செய்வேனா? ஆனால் வயிறு காய்ந்து போகவில்லை அவன். உன் அம்மா சொல்லைக் கேட்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்.

மாமா


ஜூலை 15

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்து நாலு நாள் ஆகிறது. முதல் நாள் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், இனி உங்கள் கையெழுத்தையே நான் பார்க்கக் கூடாது என்று எழுதினேன். இன்னும் மோசமாகவும் எழுதியிருந்தேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் இங்கே எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தேன். தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். என்னை அறியாமலே "அடுத்த ஆள்" என்று சொல்லிவிட்டேன். கரண்டியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். எஞ்சின் ஆள்தான் மிச்சப் பேருக்குப் பரிமாறினான்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த ஒரு வாய் ஞாபகத்துக்கு வந்தது. கடைசியில் கூப்பிட்டார்கள், அவனும் போனான். மூன்று வாரம் காத்திருந்தது வீணாகவில்லை. அம்மா குரலைக் கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான். இதையே திரும்பத் திரும்ப நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. ஒட்டின உறையை அப்படியே கிழித்துக் கடலில் போட்டுவிட்டேன்.

டிசம்பரில் வருகிறேன். நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். குட்டியும் இருக்கட்டும். நாம் எல்லாரும் ஒரே வீட்டிலேயே இருப்போம். அதற்குள் படிக்காத மூன்று பக்கத்தையும் படித்துவிடுங்கள், அது போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவனுக்கு இடது பக்கம் பல் கிடையாது, கெட்டியாக இருந்தால் தலையைச் சாய்த்து வலது பக்கமாகத்தான் மெல்லுவான். அன்றைக்கும் அப்படித்தான் மென்றானா? தலையைச் சாய்த்தானா? கொஞ்சம் விவரமாக எழுதுங்கள் மாமா. நீங்கள்தான் எல்லாவற்றையும் விவரமாக எழுதுவீர்களே.

உங்கள் மருமகள்


ஜூலை 29

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. தினமும் எழுத உட்காருகிறேன். வலது பக்கம்தான் மென்றான் என்று எழுதினேன். தலையை இப்படிச் சாய்த்தான், ஒரு பருக்கை மீசையில் ஒட்டிக்கொண்டது, அதையும் விடாமல் நக்கினான் என்று அரைப் பக்கம் ஓடியது. எனக்கு அது கஷ்டமே இல்லை. அதுதான் பிரச்சினை. படித்துப் பார்த்துக் கிழித்தேன்.

மிஷினுக்கு அடியிலிருந்து உன் தாளை எடுத்துவிட்டேன். மடித்த இடத்தில் எண்ணெய் ஊறியிருக்கிறது, ஆனால் எழுத்து தெரிகிறது. இரண்டாம் பக்கத்தில், புது நாய் ஏதாவது வந்தால் முதலில் தெருவில் வைத்துப் பழக்க வேண்டும், ஜட்ஜின் படுக்கையை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். மூன்றாம் பக்கத்தில் இரண்டு கோடு. மிஷின் மறுபடியும் ஆடுகிறது. ஆடட்டும்.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். குண்டூசிக்கு நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. தாளும் தெரியாது, 'உட்கார்' என்றாலும் தெரியாது. முன்னறை முழுக்க நான்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நேற்றுக் காலையில் தட்டுகளை வைத்துவிட்டுச் சொல்ல மறந்துபோய்ச் சன்னல் பக்கம் நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் டீச்சர் ஒரு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பொடிசு இன்னொரு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. முதுகு நேராக, வாயில் நீர் வழிய, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. அவன் உட்கார்ந்த அதே உட்கார்வு. மூன்று வாரம் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. "அடுத்த ஆள்" என்று இரண்டு தடவை சொன்னேன்.

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜட்ஜ் போனது செவ்வாய்க்கிழமை. உன் கடிதம் வந்தது புதன்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு எப்போதும்போல மூன்று தட்டு வைத்தேன். பின்னங்கால் இரண்டும் நடுங்க எழுந்து வந்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். அன்றைக்குக் குண்டூசியும் தின்னவில்லை. தட்டை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தது. என் பயிற்சி பலித்துவிட்டது என்று நான் கை தட்டினேன், மருமகளே. கை தட்டினேன். அவன் வாய் ஏதோ அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மெல்லத் தலையைத் தரையில் சாய்த்தான், களைப்பு என்று நினைத்து மிஷினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கண் திறந்தே இருந்தது. தட்டு நிறையச் சாப்பாடு இருந்தது. யாரும் தொடவில்லை.

மண் தள்ளும்போது தையல்காரம்மா சொன்னாள்.

"தினமும் முனகிக்கிட்டேதாங்க இருந்துச்சு. நீங்க வர வேண்டாம்னுட்டீங்க. எனக்கும் வீம்பு. ஒரு எட்டு வந்து அந்தச் சொல்லைச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

மீதி மண்ணை நானே தள்ளி முடித்தேன்.

மறுநாள் உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகத் துணிக் கம்பிக்குக் கீழேதான் போனேன். அந்த மண்மேட்டுக்கு முன்னால் நின்று சொன்னேன். முடிகிற இடத்தில் இழுத்தேன், நீ எழுதியிருந்த மாதிரியே. உன் அம்மா குரல் வரவில்லை, என் குரல்தான் வந்தது. வீட்டுக்குள்ளிருந்து டீச்சர் ஓடிவந்தாள். என்னைப் பார்த்தாள், சுற்றிலும் அவனைத் தேடினாள், பிறகு அந்த ஈர மண்ணில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டரை நான் கூப்பிடவே இல்லை. நீ கிழித்துப் போட்ட கடிதத்தை மறுபடி எழுதினால் அதை வாங்கிக்கொள்கிறேன். எழுதாவிட்டாலும், அடுத்த மாசக் கடைசிக்குமேல் நான் இங்கே இருக்கமாட்டேன். சாவி தையல்காரம்மாவிடம் இருக்கும். டீச்சருக்கும் குண்டூசிக்கும் அவள்தான் தட்டு வைக்கப் போகிறாள், அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். நாலு பக்கத்தையும் அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. அவன் மெல்லவே இல்லை. அந்த ஒரு வாய் நான் சேர்த்தது.

மாமா